பின்சுவர் ஒலிபெருக்கிகள்

நாள் 211, 10:20
நிலவு, கிழக்குச் சுரங்கம், வீடு 14. பதிபவர்: முனைவர் திலகவதி, நில அதிர்வு ஆய்வாளர்.
சரக்குக் கலத்தில் ஐந்து ஒலிபெருக்கிகளும் வந்து சேர்ந்தன. முன்னால் மூன்றைப் பொருத்தியாயிற்று. பின்னால் வரும் இரண்டும் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில். உட்கார்ந்தால் காதுக்கு ஒரு முழம் மேலே இருக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் துளை, நாற்பது ஆழம். சுவரின் கனம் நூற்றிருபது.
ஆறு வருடம் இந்த மௌனத்தில் இருந்தவளுக்கு இப்போது மழைச் சத்தம் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. வரவழைத்துவிட்டேன்.
துளையிடும்போது வீடு 15-இலிருந்து இன்டர்காமில் எபனேசர், சுரங்க வெல்டர்:
"டாக்டரக்கா, அங்கிட்டு எங்க பாத்ரூம். பாத்து ஓட்டை போடுங்க, சலோமி உள்ள இருக்கா."
பின்னாலிருந்து அவர் மனைவி சலோமி: "இவரு குளிக்கப் போறப்ப போடுங்கக்கா. அப்பவாவது சீக்கிரம் வெளிய வருவாவ."

நாள் 212, 06:35
05:50-க்கு அதிர்வு. வீடு 15-இன் கூரை பிளந்தது. சுரங்கத்தின் கதவுகள் தாமாக மூடிக்கொண்டன. கட்டுப்பாட்டறை, சதாசிவம்:
"எல்லாரும் அவங்கவங்க வீட்டுலயே இருங்க. பதினஞ்சுல காத்தழுத்தம் பூஜ்யம். தூங்கிட்டு இருந்திருப்பாங்க. ரெண்டு பேரும் உயிரோட இல்லன்னு எழுதியாச்சு, மேடம்."
அழுத்தமானி அந்த வீட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

நாள் 212, 14:10
சும்மா உட்கார முடியவில்லை. ஒலியமைப்பைச் சரிசெய்தேன். நாற்காலியில் மைக் வைக்க வேண்டும். அறையில் வேண்டாத சத்தம் ஏதாவது இருந்தால் அது கண்டுபிடிக்கும். பிறகு அதற்கு எதிரான சத்தத்தை ஒலிபெருக்கிகள் எழுப்பி, நாற்காலியில் இருப்பவர் காதுக்கு எட்டாமல் அழித்துவிடும்.
பின்சுவரில் ஒன்று பிடிபட்டது. மெல்லிய தட்டல், விட்டு விட்டு. பக்கத்து வீடு உறைந்துபோயிருக்கிறது. குழாய் குளிர்ந்து சுருங்குகிறது. கட்டுப்பாட்டறைக்கும் அப்படியே எழுதி அனுப்பினேன். சுவருக்குள் மனிதர்களைத் தேடுவது துக்கத்தின் பழக்கம். என் பழக்கம் அல்ல.
'அகற்று' என்பதை அழுத்தினேன். சத்தம் போயிற்று. மழை கேட்டேன். சுத்தமாக இருந்தது.

நாள் 213, 09:25
இரவு முழுக்க ஓடிய அமைப்பு இதுவரை அகற்றிய சத்தத்தின் வரைபடத்தை இன்று திறந்து பார்த்தேன்.
குளிரும் குழாய் மெல்ல மெல்ல அடங்கும். இது அடங்கவில்லை. நான்கு தட்டல், இடைவெளி, மறுபடி நான்கு. நடுவில் இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி நான்கு.
அமைப்பை நிறுத்திவிட்டுச் சுவரில் காதை வைத்தேன்.
நான்கு.

நாள் 213, 09:40
கட்டுப்பாட்டறையோடு பேசியது, உள்ளபடி.
"அழுத்தமானி எங்க இருக்கு சார்?"
"ஹால்ல. இன்டர்காமும் அங்கதான்."
"பாத்ரூம்ல இல்லையே. அதுக்குத் தனிக் காத்தடைப்புக் கதவு. அங்க உயிரோட இருக்காங்க. தட்டுறாங்க."
"குழாய்னு நேத்து நீங்கதான எழுதுனீங்க மேடம்?"
"தப்பா எழுதிட்டேன்."
"மீட்பு வண்டி வர இன்னும் பதினோரு மணி நேரம் ஆகும். சுவர்ல கை வச்சிராதீங்க. அங்க காத்து இல்லன்னா உங்க வீடும் போயிரும்."
இணைப்பைத் துண்டித்தேன்.

நாள் 213, 10:15
எல்லா வீட்டுக் குளியலறையிலும் இரண்டு அவசர உடுப்புகள் தொங்கும். ரேடியோ கிடையாது, மூன்று மணி நேரக் காற்று. ஒன்றை மாட்டிக்கொண்டேன். இடதுபின் ஒலிபெருக்கியைக் கழற்றி, அதே துளையில் டிரில்லை வைத்தேன். நாற்பதிலிருந்து நூற்றிருபது. இதை எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். வீடு போனால், இதைப் படிப்பவர் தெரிந்துகொள்ளட்டும்: சதாசிவம் தடுத்தார்.

நாள் 213, 10:29
துளை விழுந்தது. காற்று ஒரு கணம் சீறி நின்றது. அந்தப் பக்கமும் காற்று இருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றினேன். உடுப்பின் மெல்லிய ஆக்சிஜன் குழாயை உள்ளே செலுத்திவிட்டேன்.

நாள் 213, 10:31
துளை வழியே எபனேசர். சொன்னபடியே பதிகிறேன்.
"டாக்டரக்கா. வந்துட்டியளா. வருவியன்னு தெரியும்."
பேசாதீங்க, மூச்ச மெதுவா இழுங்க என்றேன். கேட்கவில்லை.
"நேத்து மத்தியானத்துல இருந்து நான் ஒவ்வொரு தடவ தட்டுறப்பவும் நீங்களும் தட்டுனியள்லா. உடனே. ஒண்ணுகூட விடல. சலோமி, அவசர சூட்ட மாட்டிக்கிட்டு சுரங்க மெயின் கதவுக்குப் போயிருவோம்னா. நாந்தான் விடல. அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு, பதில் வருது பாரு, ஆள் வந்துரும், ஒக்காருன்னேன். உடுப்புல இருந்த காத்தையும் இங்கயே தொறந்து விட்டாச்சு."
நான் தட்டவில்லை. சுவரில் திருகிய ஒலிபெருக்கி, அவருடைய தட்டலை அழிக்க எழுப்பிய சத்தம் அது. என் காதுக்கு அதை அழித்தது. அவர் காதுக்கு அது என் பதில் தட்டல்.
குழாயின் வால்வை முழுதும் திறந்தேன்.

நாள் 213, 10:38
குழாய் ஓடுகிறது. துளையில் காதை வைத்து எண்ணுகிறேன். நிமிடத்துக்குப் பதினெட்டு மூச்சு. ஒருவருடையது. இரண்டாவது கேட்கவில்லை. அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். மறுபடி எண்ணினேன். பதினெட்டு.

10:41
"அக்கா, இவ தூங்குதா. கை சில்லுன்னு இருக்கு. எழுப்பட்டா?"

10:42
"அக்கா?"

10:44
நான்கு முறை தட்டுகிறார்.
நான் இன்னும் பதில் தட்டவில்லை.