பார்க்காமல் சொன்ன ஓம்

இஞ்சேருங்கோ,

இருபத்தேழு வருடமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். உங்கள் பெயரை முதன்முதலாக வாய்திறந்து சொன்னது, ஈமக்கிரியை ஒழுங்குசெய்ய வந்த வெள்ளைக்காரப் பிள்ளையிடம்தான். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். மூன்றாம் எழுத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. மிச்சத்தை மகள்தான் சொல்லி முடித்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. மகள் வெலிங்டனுக்குத் திரும்பிவிட்டாள். மனுரேவா வீட்டில் இப்போது நானும் அந்த இரைகிற ஹீட்டரும்தான். உங்களோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டின பெடியங்கள் மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். உப்புமில்லை, உறைப்புமில்லை, ஆனால் தங்கமான பிள்ளைகள். ஊறுகாய்ப் போத்தலை எடுத்துவர எழும்பினேன், நீங்கள் இருந்து சாப்பிடுகிற கதிரையைப் பார்த்ததும் அப்படியே இருந்துவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு கதை. உங்கள் வேட்டைத் துவக்கைப் பற்றி.

அந்தச் சாமானை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். ஊரில் எங்கள் அண்ணா செத்தது சண்டையில் இல்லை. அவருடைய சிநேகிதன் ஒருவன் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். “வெறுமைதான்ரா, பயப்பிடாதை” என்று சொன்னானாம். அண்ணாவும் நம்பி முன்னால் இருந்தார்; உள்ளே ஒரு தோட்டா இருந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவளைக் கட்டிவிட்டு, ஐம்பது வயதில் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று நீங்கள் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? இரண்டு கிழமை உங்களோடு கதைக்கவில்லை.

நீங்கள் விட்டால்தானே. வகுப்புக்குப் போனீர்கள், சோதனை எழுதினீர்கள், உரிமம் எடுத்தீர்கள். கராஜில் இரும்புப் பெட்டியைச் சுவரோடு முடுக்கினீர்கள். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. வாங்கி வந்த துவக்கும் ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடுகிற, நடுவில் மடித்துத் திறக்கிற சாதி. “இதில ரெண்டாம் வெடி இல்லையப்பா. திறந்தால் உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு குருடனுக்கும் தெரியும். உனக்காகத்தான் இதைப் பார்த்து எடுத்தனான்” என்றீர்கள். மற்றவளுக்கு மனுசன் சங்கிலி எடுத்துக் கொடுப்பான், எனக்குத் துவக்கு என்று நான் சொன்னது நினைவிருக்கிறதா?

பிறகு அந்தப் பழக்கத்தைத் தொடங்கினீர்கள். ஒரு ஆள் பார்த்தால் காணாது, இரண்டாவது ஆளும் உள்ளே பார்க்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். வேட்டைக்குப் போகிற நாளெல்லாம் கராஜில் நின்று, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவீர்கள். “வெறுமை! ஒருக்கா வந்து பாருமன்.”

நான் வரமாட்டேன். வெங்காயம் வெட்டிக்கொண்டே “ஓம், ஓம்” என்பேன். எத்தனை வருடம் இப்படி! அண்ணாவைக் கொன்றதே பார்க்காமல் நம்பின ஒரு வெறுமைதான். அதைத் தெரிந்துகொண்டே நானும் பார்க்காமல் ஓம் சொன்னேன். ஆனால் நீங்கள் கொண்டுவந்த காட்டாட்டு இறைச்சியை மட்டும் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை.

கடைசி நாள் காலையில் அந்த ஓமையும் நான் தரவில்லை. அடுத்த நாள் அண்ணாவின் திவசம். அதற்கு முதல்நாள் வேட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெறுமை” என்றீர்கள். நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பவும் சொன்னீர்கள். கேட்காத மாதிரிப் பானையைத் தேய்த்தேன். பிறகு கார் போகிற சத்தம் கேட்டது.

போன சனிக்கிழமை பிரான்சிஸ் வந்தார். உங்களோடு வேட்டைக்கு வருகிற மலேசியாத் தம்பி, கிளென்ஃபீல்டில் இருந்து. பொலிஸ் துவக்கை அவரிடம் கொடுத்து வைத்திருந்தது. உரிமம் இல்லாத நான் அதை வைத்திருக்க முடியாது. அவர் எடுத்துக்கொள்வதா, அழிக்கக் கொடுப்பதா என்று நான் முடிவு சொல்ல வேண்டும். “அம்மா, ஜஸ்ட் கெட் ரிட் ஒஃப் இட்” என்று மகள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நானும் அதே முடிவில்தான் இருந்தேன். நசுக்கி எறியட்டும்.

கராஜ் மேசையில் அவர் பையைத் திறந்தார். மூன்று துண்டுகள். தோளில் வைக்கிற கட்டையும் விசையும் ஒன்று, குழல் ஒன்று, குழலுக்குக் கீழே வருகிற சின்ன முன்கட்டை ஒன்று. இதுதானா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு வருடமும் ஒரு பிசாசை நினைத்துப் பயந்திருக்கிறேன், வந்தது தளபாடக் கடைச் சாமான் மாதிரிக் கிடந்தது.

“அக்கா, அழிக்கிறதுன்னா அழிச்சிடலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனா அண்ணன் அங்க என்ன செஞ்சாருன்னு உங்ககிட்ட சொல்லிடணும்” என்றார் பிரான்சிஸ்.

அவர் சொன்னதை உங்களுக்கே திருப்பிச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். நீங்கள் மேட்டில் நின்றீர்களாம், அவர் கீழே பள்ளத்தில். உங்கள் கை நெஞ்சுக்குப் போனதைக் கண்டு அவர் ஓடி வந்திருக்கிறார். நீங்கள் போனை எடுக்கவில்லை, அவரைக் கூப்பிடவுமில்லை. முழங்காலில் இருந்து, துவக்கை மடித்துத் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டீர்கள். குழலின் வாய் ஆளில்லாத பக்கம் பார்க்கத் துவக்கைப் புல்லில் வைத்தீர்கள். அதற்குப் பிறகுதான் சரிந்தீர்கள்.

“நான் கிட்ட போனதும் ‘வெறுமை, பார்’னு சொன்னாருக்கா. நான் துப்பாக்கிய பாக்கல. அவர் மூஞ்சியத்தான் பாத்தேன். ‘ஆமாண்ணே, ஆமாண்ணே’ன்னேன். பொய்தானேக்கா அது? அதுக்கப்புறம் அவர் பேசல.” ஆறடி மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நெஞ்சு நோகிற மனுசன் முதலில் போனை எடுக்க வேண்டாமா? உங்களுக்கு என்ன விசரா? யாருக்கு என்ன நடந்துவிடும் என்று பயந்தீர்கள்? எனக்குத் தெரியும் யாருக்காக என்று. அதுதான் தாங்க முடியவில்லை.

கண்ணைத் துடைத்துவிட்டு, “தம்பி, அவர் செய்யிற மாதிரியே இதைப் பூட்டிக் காட்டுங்கோ. நான் பார்க்கோணும்” என்றேன்.

முதலில் குழலை மட்டும் எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். தோட்டாவும் இல்லை, துடைத்த துணியின் துண்டு எதுவும் சிக்கியிருக்கவும் இல்லை என்று பார்த்தார். குழலின் கொளுக்கியை விசைப்பக்கத்து ஊசியில் மாட்டினார், மூடாமல் திறந்தபடியே வைத்துக்கொண்டு. முன்கட்டையைக் கீழே பொருத்தித் திருகாணியை இறுக்கினார். இந்தக் கட்டை இல்லாவிட்டால் திறக்கிறபோது குழல் கழன்று கையோடு வந்துவிடுமாம். அவ்வளவு நேரமும் ஒரு விரல்கூட விசைக்குக் கிட்டப் போகவில்லை, குழலும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் திறந்த துவக்கை இரண்டு கையிலும் ஏந்தி என் பக்கம் நீட்டினார். “வெறுமைக்கா” என்றார். உங்கள் சொல்லை அவருடைய நாக்கில் கேட்க எப்படியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். தோட்டா போடுகிற இடத்தில் ஒரு வட்டமான வெளிச்சம், சுத்தமாக, எண்ணெய் மினுக்கத்தோடு. நீங்கள் துடைத்த மினுக்கம். ஒருதரம் பார்த்தேன், கண் மறைத்தது, துடைத்துவிட்டு இன்னொருதரம் பார்த்தேன். விரலையும் வைத்துப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது.

“ஓம்” என்றேன். பிரான்சிஸுக்குச் சொல்லவில்லை.

துவக்கை அழிக்கவில்லை. அவரிடமே கொடுத்துவிட்டேன், மகள் ஏசினாள், ஏசட்டும். நேற்றுக் காலை அவர் வேட்டைக்கு வெளிக்கிடுகிறபோது போன் அடித்தார். “அக்கா, காலியா இருக்கு, பாத்துட்டேன்.” வாய் வரை ஓம் வந்துவிட்டது, பழக்கதோஷம். விழுங்கிவிட்டு, “எனக்கு இங்கயிருந்து தெரியாது தம்பி. வீட்டில மனிசியைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ” என்றேன். போனை வைக்காமல் காத்திருந்தேன். அவருடைய மனைவி நித்திரைக் குரலில் முணுமுணுத்துக்கொண்டு வந்து, பார்த்து, “ஆமா, காலி” என்று சொன்னது எனக்குப் போனில் கேட்டது.

மூன்று எட்டு வைத்து நானும் வந்திருக்கலாம். குசினியில் இருந்து கராஜுக்கு அவ்வளவுதான் தூரம், இன்று எண்ணிப் பார்த்தேன்.

இனி யார் என்னைக் கூப்பிட்டு எதைக் காட்டினாலும், கைவேலையை வைத்துவிட்டு எழும்பிப் போவேன். பார்க்காமல் ஓம் சொல்லமாட்டேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு.

அன்று குழாயைத் திறந்துவிட்ட,
உங்கட மனிசி