தொப்பிக்காரனும் ஒரு ஓமும்

நவ. 11, திங்கள்

காலையிலிருந்து மழை. பிரெஞ்சு அரச விடுமுறை, நான் வேலை செய்யும் துணிக்கடை பூட்டு. பல்கனியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் திரும்பவும் உள்ளே.

படத்துக்கு அடியில் ஓடும் தமிழ் வரி எழுதும் வேலை முக்கால்வாசி முடிந்தது. சனி பின்னேரம் லா சப்பல் மண்டபத்தில் திரையிடுகிறோம். எங்கள் படக் கழகத்துக்கு எல்லாமே அ. சார்தான். அந்துவான் சார், பாண்டிச்சேரிக்காரர், தபாலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படத்தைத் தெரிவு செய்வது அவர், மண்டை காய்வது நான்.

பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படம். ஒரு துப்பறியும் பொலிஸ்காரன். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டான். விசாரணை என்றால் அவனுக்கு அடிதான். ஒருநாள் அடித்த அடியில் ஒருவன் செத்துப்போகிறான். மூடி மறைக்கிறான். பழி விழுவது ஒன்றும் அறியாத ஒரு லிஃப்ட்காரன் தலையில். அவனை விசாரிக்க வருகிறவனும் இதே தொப்பிக்காரன்! பாவி. ஆனால் தனியாக இருந்து அவித்த முட்டையை உரிக்கப் பார்க்கிறான், முட்டை கைநழுவி உருண்டு போகிறது. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

வீட்டுக்காரர் இவருக்குப் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. பொலிஸ் வந்தால் தொலைக்காட்சியை நிறுத்துகிற மனிதர். என்ன படம் என்று கேட்டார். காதல் படம் என்றேன். ஒரு பெண்ணும் வருகிறாள்தானே, முழுப் பொய் இல்லை.

வாங்க: வெங்காயம், உடுப்புத் தோய்க்கும் தூள், இவருக்குக் கம்பளிக் காலுறை.

நவ. 12, செவ்வாய்

குளிர். பி வழித்தட ரயில் தாமதம், வழக்கம்போல. கடையில் ஒரு அம்மா பதினைந்து சேலையை விரிக்க வைத்துவிட்டு, "பிறகு வாறன்" என்று போனார்.

மத்தியானம் அ. சார் கடைக்கே வந்தார். ஆசைக்குக் கடைசிக் காட்சியை முதலிலேயே எழுதி அனுப்பியிருந்தேன். தொப்பிக்காரன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடம்.

"என்னம்மா இது? 'நீயா கொன்னே?'ன்னு மேலதிகாரி கேட்டா, இவன் 'ஓம்'ங்கிறான். கொலையை ஒத்துக்கிறானா, பூஜை பண்றானா?"

"எங்கட ஆக்களுக்கு ஓம் எண்டால் ஓம்தான் சார்."

"எங்க ஆளுங்க சிரிப்பாங்கம்மா. 'ஆமா' போடு."

"ஆமா எண்டு போட்டால் எங்கட ஆக்கள் சிரிப்பினம்."

இரண்டு ஊராருக்கும் பொதுவாக 'ஆம்' என்று போடலாமாம். வாயைத் திறந்து ஆம் என்று சொல்கிற ஒரு மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. முடிவில்லாமல் போனார்.

வீட்டுக்கு வந்தால் இவர் கதிரையில் உட்கார்ந்தபடி, சப்பாத்துக்கூடக் கழற்றாமல். முகம் சுண்டிப்போய்.

"பொலிஸில இருந்து ஃபோன் வந்தது."

"என்ன கேட்டவை?"

"தெரியாது."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"வுய் எண்டனான்."

"எதுக்கு வுய்?"

"எல்லாத்துக்கும்."

இவர் அப்படித்தான். யார் கதைத்தாலும் 'ஓம், ஓம்' என்று கேட்டுக்கொண்டிருப்பார். காதில் விழுகிறது என்பதற்கு ஓம். சம்மதத்துக்கு இல்லை. அதே பழக்கம் பிரெஞ்சு ஓமிலும்: 'வுய், வுய்'. விளங்கியது இவ்வளவுதான்: வியாழன் காலை, பொலிஸ் நிலையம்.

மகள் லீல் நகரத்தில் படிக்கிறாள், அவளுக்கு ஃபோன் போட்டேன். தான் பொலிசுக்கு ஃபோன் எடுத்துக் கேட்கிறேன் என்றாள். இவர் விடவில்லை. "கேட்டால் இன்னும் சந்தேகப்படுவாங்கள்." அப்பா உலகத்துக்கே வுய் சொல்கிறவர் என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அவளுக்கும் பயம்தான்.

எனக்கும். எதற்கு வுய் சொன்னார்?

நவ. 13, புதன்

மப்பு வானம். இவர் வேலைக்குப் போகவில்லை. உணவகத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார், சொன்னேன்.

எனக்கு இவர் ஒரேயொரு தடவை சொன்ன கதை. கல்யாணத்துக்கு முதல், கொழும்பில் லொட்ஜில் வைத்துப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சிங்களத்தில் என்னவோ கேட்டிருக்கிறார்கள். கவனமாகக் கேட்கிறேன் என்று காட்ட இவர் 'ஓம்… ஓம்…' சிங்களத்தில் ஆமாவுக்கு 'ஒவ்'. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எதை ஒப்புக்கொண்டார் என்று இன்றைக்கும் இவருக்குத் தெரியாது. பிறகு அடி. இடது காது அன்றைக்குப் போனது.

இதை நினைத்துக்கொண்டு லிஃப்ட்காரனை அடிக்கும் காட்சிக்கு வரி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இவர் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"இதுவோ காதல் படம்?"

நின்றபடியே பார்த்தார்.

"இவன் செய்யேல்லைத்தானே?"

"இல்லை."

"பிறகேன் வாயைத் திறக்கிறானில்லை?"

போய்த் தேத்தண்ணி போட்டார். எனக்கும் ஒன்று. சீனி போட மறந்துவிட்டார், சொல்லாமல் குடித்தேன்.

நவ. 14, வியாழன்

வெயில். நம்ப முடியவில்லை, வெயில்.

பொலிஸ் நிலையத்தில் நான் இவருடைய இடது பக்கத்தில் உட்கார்ந்தேன், நல்ல காது அதிகாரிக்கு இருக்கட்டும் என்று. அதிகாரி ஒரு பெண், மகளைவிடக் கொஞ்சம் வயது கூட. தடிமன் பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்துக் கதைத்தா. தொப்பி இல்லை.

விஷயம் இதுதான். செப்டம்பரில் லா சப்பல் மெத்ரோ நிலையப் படியில் ஒருவன் ஒரு கிழவியின் கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறான். கிழவி விழ, இவர்தான் தூக்கி உட்கார வைத்தாராம். வந்த பொலிஸ் பெயரும் நம்பரும் கேட்டதாம். வுய் என்று கொடுத்தாராம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனிதர்!

ஒருவனின் புகைப்படத்தை மேசையில் வைத்தா. இவன்தானே என்று கேட்டா. இவருடைய உதடு குவிந்தது, வுய்க்குக் குவிகிற மாதிரி.

"நொன்" என்றார்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தா. இவர் இன்னும் கொஞ்சம் உரக்க, தன் உடைந்த பிரெஞ்சில்: "நொன், மதாம். முகம் பார்க்கவில்லை. முதுகு மட்டும்."

"தக்கோர். மெர்சி, மொசியே." சரியாம், நன்றியாம், ஐயாவாம். எழுதினா, வாசித்துக் காட்டினா, கையெழுத்து. கதவைத் திறந்துவிட்டா. தும்மினா.

நடைபாதையில் வந்து நின்றார்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"நான் இல்லையெண்டு சொன்னனான். கேட்டனீரே?"

"கேட்டனான்."

"என்னை ஒண்டும் செய்யேல்லை."

தெருவென்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கின மாதிரி. "இப்ப ஏனப்பா அழுறீர்?" என்று கேட்டுவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்தார். நேரே லா சப்பல். மட்டன் ரோல், பால் விடாத பிளேன்ரீ, திரும்பவும் மட்டன் ரோல். கடைக்காரர் விசேஷமோ என்று கேட்டார். "பொலிசுக்குப் போட்டு வாறம்" என்று இவர் ஏதோ கோயிலுக்குப் போய் வந்தவர் மாதிரிச் சொன்னார்.

ரயிலில்: "சனிக்கிழமைப் படம் எத்தினை மணிக்கு?"

நவ. 15, வெள்ளி

கடையில் கூட்டம். கால் வீக்கம். மகள் ஃபோனில் இவரை 'மொசியே நொன்' என்று கூப்பிடுகிறாள், இவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இவரைக் கேட்டுக்கொண்டு அ. சாருக்குக் கொழும்பு ஓமின் கதையைச் சொன்னேன்.

"ஓம்னே இருக்கட்டும்மா. எவனாவது சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

வரி முழுதும் அனுப்பியாயிற்று. எழுத்துப் பிழை பார்க்கத் தெம்பில்லை.

நவ. 16, சனி

தூறல். மண்டபம் நிறைந்துவிட்டது, பின்னால் கதிரை தூக்கிப் போட்டார்கள். அரைவாசி எங்கட ஆக்கள், அரைவாசி பாண்டிச்சேரி. வடை தீர்ந்துபோனது. இவர் வெள்ளைச் சேட்டுப் போட்டு, எனக்குத் தன் வலப்பக்கம், நல்ல காதுப் பக்கம், இடம் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசி 'ஓம்' வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அ. சார் திரும்பி ஒவ்வொரு வரிசையாக முறைத்துக்கொண்டிருந்தார், அவர்தான் படத்தின் முடிவைப் பார்க்கவில்லை. தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். பாவம்தான் அவனும். நான் எழுத வந்தது அதையல்ல.

அதற்கு முதல், விசாரணைக் காட்சி. ஒரு அறை, ஒரு விளக்கு. தொப்பிக்காரன் மேசையில் அடிக்கிறான், பிறகு லிஃப்ட்காரனை. "நீதானே செய்தாய்? சொல்லு." லிஃப்ட்காரன் வாயில் இரத்தம், சொல் வரவில்லை. என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, இவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் முன் கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே போவோமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"இல்லையெண்டு சொல்லடா!"

மண்டபம் முழுக்கக் கேட்டது. தலையெல்லாம் திரும்பியது. பின்னாலிருந்து யாரோ, "ஓமோம், சொல்லடா!" என்றார்கள். சிரிப்பு, ஒன்றிரண்டு கைதட்டு. இவர் அசையவில்லை.

லிஃப்ட்காரன் வாயைத் திறந்தான், திரையில் என் எழுத்து வந்தது: 'இல்லை.'

இவர் முன் கதிரையை விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீரே, சொல்லிப்போட்டான்."