யப்பான் பிக்கப் என்று சொன்னீர்கள்

என் அன்பு மரியான் அண்ணைக்கு,

அங்கே சுகமாக இருப்பீர்கள். குருநகரில் இன்னும் கரண்ட் இல்லை. உங்கள் பாட்டுக் கோஷ்டிக்காரர் இப்போதும் உழவு மெசின் பற்றரியில்தான் அம்பிளிபயர் போடுகிறார்கள். உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலி போன ஞாயிறு முடிந்தது. அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உங்கள் கிற்றாரின் பிக்கப் செத்துப்போனது ஞாபகமா? தந்திகளுக்குக் கீழே இருந்து சத்தத்தைப் பிடிக்கிற அந்தக் காந்தமும் கம்பிச்சுருளும்தான். கடற்காற்றில் உள்ளே கம்பி உக்கிவிட்டது. சண்டையில் பாதை பூட்டி, கொழும்பிலிருந்து ஒரு முழக் கம்பிகூட எடுக்க முடியாத காலம்.

கப்பலில் வேலைசெய்த மாமா கொண்டுவந்த பழைய சஞ்சிகையை நீங்கள்தான் எனக்கு வாசித்துச் சொன்னீர்கள். வெளிநாட்டில் கிற்றாரோடு வந்த பிக்கப்பைக் கழற்றிவிட்டு, வேறு ஆள் சுற்றியதை வாங்கிப் பூட்டுவார்களாம். பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களே பிறகு அதற்குக் கம்பனி வைத்தார்களாம். சுற்றியவர் தன் பெயரையே அதற்கு வைப்பாராம்.

“நீயும் ஒண்டு சுத்து பிள்ளை. திருநாளண்டு உன்ரை பேரை மைக்கிலை சொல்லுவன்” என்றீர்கள்.

சுற்றினேன். பழைய வால்வு ரேடியோவை உடைத்து, ஸ்பீக்கர் காந்தத்தில் ஒரு துண்டும் தலைமயிர்போன்ற கம்பியும் எடுத்தேன். தையல் மெசினில் நூல் சுற்றும் இடத்தில் பூட்டி மிதித்தேன். நூறு சுற்றுக்கு ஒரு செபமாலை மணி தள்ளினேன். மாலை ஒருதரம் முடிந்தால் சுருள் நிறைந்துவிடும். நான் கன்னியாஸ்திரியாகப் போகப் போகிறேன் என்று அம்மா பயந்தே போனா. கம்பி இரண்டு தரம் அறுந்தது. முடித்துப் பூட்டினால் விசில் அடித்தது. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி அதிலே தோய்த்தெடுத்த பிறகுதான் அடங்கியது.

திருநாள் வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு இருங்கள் என்று சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நீங்கள் பற்றரி தந்தவருக்கு நன்றி சொன்னீர்கள். பந்தல் போட்டவருக்கும், தேத்தண்ணி ஊற்றியவருக்கும்கூடச் சொன்னீர்கள். பிறகு கிற்றாரைத் தட்டிக் காட்டினீர்கள்.

“இது யப்பான் பிக்கப். கொழும்பிலையிருந்து எடுப்பிச்சனான்.”

சனம் கைதட்டியது. சிநேகிதிகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அது துரோகம், அண்ணை. வேறு சொல் எனக்குத் தெரியாது.

வீட்டில் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? “தங்கச்சி தையல் மெசினிலை சுத்தினது எண்டு சொன்னா ஆரடி என்னை மதிப்பினம்?”

பிறகு காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். கஞ்சி கொண்டுவந்த நான் வெட்கத்தை விட்டு மறுபடியும் கேட்டேன். “உந்தக் கதையை நீ இன்னும் விடேல்லையோ?” என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் கோஷ்டித் தலைவர் என்னையும் இரண்டு வார்த்தை கதைக்கச் சொன்னார். ஒரு கிழமையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்றுதான் எழும்பினேன். முன் வரிசை வாங்கில் அம்மா இருந்தா.

“அண்ணையின்ரை யப்பான் பிக்கப் சத்தம் மாதிரி இந்த ஊரிலை இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை” என்றேன்.

என் வாயால், அண்ணை! அம்மாவுக்காகவா சொன்னேன், உங்களுக்காகவா? வந்து படுத்தவள் இரண்டு நாள் எழும்பவில்லை. உங்கள்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்ததுதான் கூட.

அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கோயில் பங்குப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். அம்மா ஏசுவா, ஏசட்டும். கரவெட்டியிலிருந்து ஒருவர், அதே யப்பான் பிக்கப் தன் கிற்றாருக்கும் எடுக்கலாமோ என்று கேட்டு ஆள் விட்டிருக்கிறார். யப்பானில் இல்லை, குருநகரில் நான்தான் சுற்றுவது, வேண்டுமென்றால் வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உங்களுக்குப் பூசை வைப்பேன், மெழுகுதிரி கொளுத்துவேன். உங்களுக்காக இனி ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

அந்தப் பிக்கப்பைச் சுற்றிய உங்கள் தங்கச்சி,
பிலோமினா