புடவையின் மறுமுனை

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தை மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகப் பிடித்து மடிப்போம். நேற்று என் ஜோடி வரவில்லை. சிரித்தே பார்த்திராத மேற்பார்வையாளர் மறுமுனையைப் பிடித்தார். புடவை மடிக்கும்போது நீ என்னை இழுப்பாயே, அந்த ஞாபகத்தில் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மனிதர் அழுக்குத்துணிக் குவியலில் போய் விழுந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "என் பொண்டாட்டியும் இப்படித்தான் இழுப்பா. அவளைப் பார்த்து மூணு வருஷம் ஆச்சு" என்றார்.

இன்று என் ஜோடி வந்தும், அவரே வந்து மறுமுனையைப் பிடித்தார். இந்தத் தடவை அவர் இழுத்தார். முந்நூறு விரிப்புகள் மடித்ததே தெரியவில்லை.

தலையணைக்கு உறை தைக்க உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. நீ புடவையின் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் முடிந்து தனியாக மடிப்பதாக மகள் சொன்னாள். அந்த நீலப் புடவையை மட்டும் நான் வரும்வரை மடிக்காமல் வை.

துணி வண்டி வந்துவிட்டது.

இழுபடக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்