கழற்ற விடாத பவளம்

அம்மிணி, இன்றைக்குக் காலையில் தம்பி வீட்டில் ஒரு சத்தம் போட்டேன். கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். தம்பியின் பேத்தி வளைகாப்புக்கு வந்திருக்கிறாள். கை நிறையக் கண்ணாடி வளையல், மோதிர விரலில் சிவப்பாக ஒரு பவளம். ராசிக்கல்லாம். அதைப் பார்த்ததும் "கழட்டு சாமி, இப்பவே கழட்டு" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே கழற்றினாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. விரலில் வீக்கமே இல்லை. நான்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இப்போது உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும் எழுதுகிறேன்.

இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது முறை உண்டாகி நீ ஆறு மாதத்தைக் கடந்திருந்தாய். குமாரபாளையத்து வீட்டில் நான் தறியில் உட்கார்ந்தால் நீ பக்கத்தில் ராட்டையில் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவாய். இதாவது தங்கவேண்டுமே என்ற பயத்தில் சங்ககிரிக்குப் போய் ஒரு ஜோசியரைப் பார்த்தேன். உன் ராசி மேஷம், அதிபதி செவ்வாய், பவளம் போட்டால் குழந்தை தங்கும் என்றார். போட்டால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கழற்றக்கூடாதாம். "கழட்டினா போட்ட பலன் போயிருமுங்க" என்றார்.

சேலத்துக் கடைக்காரர் வெள்ளைத் துணியில் பவளங்களைக் கொட்டினார். துளை, கீறல், வெள்ளைப் புள்ளி எதுவும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக உருட்டிக் காட்டினார். நீ ஒரு சின்னக் கல்லை எடுத்தாய். "இது போதுமுங்க. மொளகாப் பழமாட்டம் பெருசு எதுக்குங்க?" என்றாய். நான் கேட்கவில்லை. இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன். கல் தோலைத் தொடவேண்டும் என்று அடிப்பக்கம் திறந்து மோதிரத்தில் கட்டச் சொன்னேன். அளவெடுத்த ஆசாரி, "மாசமா இருக்கறவீங்க. வெரலு ஊதுமுங்க. கொஞ்சம் தளர வெக்கறனுங்க" என்றார். ராட்டை சுற்றுகிற கை, நழுவி விழுந்துவிடும், பிடிப்பாகவே இருக்கட்டும் என்றேன். தொழில் தெரிந்த மனுஷன் சொன்னதைக் கேட்காத மடையன் நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாலில் கழுவிப் போட்டுவிட்டேன். புளி பட்டால் பவளம் வெளுக்கும், சீயக்காய் ஆகாது, அடுப்புச் சூடு ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் குழம்புச் சட்டியை நானே கழுவினேன். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. "கல்லு வந்த நேரம் நல்ல நேரந்தானுங்க. சட்டி கழுவற வேலை எனக்குப் போச்சு" என்று நீயும் சிரித்தாய். தினமும் சாயங்காலம் உன் கையை என் மடியில் வைத்து, ஈரத்துணியால் கல்லைத் துடைப்பேன். அந்த விரலைத் தினமும் பிடித்தவன் நான். பார்த்ததெல்லாம் கல்லைத்தான்.

முப்பது நாள் தாண்டியிருக்கும். "ஏனுங்க, மோதரம் கடிக்குதுங்க" என்றாய். தேங்காய் எண்ணெய் தடவினேன். மோதிரம் அசையவில்லை. பிறகு தலைவலி என்றாய். "தாருல நூலு ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க" என்றாய். நான் வைத்தியரிடம் போகவில்லை, ஜோசியரிடம் ஓடினேன். "செவ்வாய் உஷ்ணக்காரன். கல்லு வேலை செய்யுதுன்னு அர்த்தமுங்க" என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்தேன். சந்தோஷமாக!

அன்றைக்கு நீ கேட்டாய், "நூலைச் சுத்திக் கழட்டிப் பாக்கலாமுங்களா?" என்று. விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, நுனியை மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் கழன்று வரும் என்பது நெசவுக்காரர் வீட்டில் யாருக்குத் தெரியாது? வீடு முழுக்க நூல். நீ கையில் எடுத்தும்விட்டாய். நான் பிடுங்கினேன். "இன்னும் ஒம்பது நாளுதான் அம்மிணி. உனக்குக் கொழந்தை வேணுமா, வேண்டாமா?" என்றேன். நீ மறுபடியும் ராட்டையில் போய் உட்கார்ந்தாய்.

இரண்டாம் நாள் காலையில் ராட்டை மேலேயே உனக்கு வலிப்பு வந்தது. வண்டி கட்டிப் பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த நர்சம்மா உன் கையைத் தூக்கிப் பார்த்து, "இப்படி வீங்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டார். பத்து நாள் இருக்கும் என்றேன். சேலையைக் கொஞ்சம் விலக்கி உன் கெண்டைக்காலை விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, அப்படியே நின்றது. "காலைப் பாக்கவே இல்லீங்களா? மாசமா இருக்கறப்ப இப்படி ஊதுனா ரத்தக் கொதிப்புங்க, வலிப்புல கொண்டுபோய் விட்டுருமுங்க. மோதரம் கடிச்ச அன்னைக்கே கூட்டியாந்திருக்கோணுமுங்க" என்றார். மத்தியானத்துக்குள் குழந்தையும் போயிற்று, நீயும் போய்விட்டாய்.

துக்கத்துக்கு வந்த ஜோசியர், மண்டலம் முடிய ஏழு நாள் பாக்கி இருந்தது, அதனால்தான் என்றார். கேட்டால் வெட்கமாக இருக்கும், பல வருஷம் நானும் அதையே நம்பினேன். நம்பினால்தான் சோறு இறங்கியது. பிறகு அந்த நம்பிக்கையும் போயிற்று. ஆஸ்பத்திரியில் அறுத்துக் கொடுத்த மோதிரத்தை என்ன செய்தேன் என்று இன்றைக்கு வரை நினைவில்லை. கல்லைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. அது கடல் பொருள், அதற்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்தின் மேல் நடந்ததை மட்டும் இன்னும் எழுதவில்லை. வண்டி பாதிப் பாலம் வந்தபோது உனக்கு நினைவு திரும்பியது. "வெரலு மரத்துப்போச்சுங்க. மோதரம் இருக்குதுங்களா, பாருங்க" என்றாய். நான் உன் முகத்தைக்கூடப் பார்க்காமல் விரலைத் தூக்கிப் பார்த்தேன். "இருக்குது சாமி, பத்திரமா இருக்குது" என்றேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.