பாதி வரி டிஸ்கோ

அக்காவுக்கு,

போஸ்டர்ல யார் பேரு முதல்லங்கிற சண்டையைப் பத்தி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். நல்லா இருக்கியா?

சிரிக்காதே, நான் டிஸ்கோ பாடறேன்! உன்கூட நின்னு முப்பது வருஷம் பக்திப் பாட்டே பாடின வாய்க்கு வந்த ஆசையைப் பாரு. நேத்து ஸ்டுடியோவுல பழக்கதோஷத்துல கண்ணை மூடி, கைகூப்பி நின்னுட்டேன். இசையமைக்கிற பொண்ணு, "அம்மா, இந்தப் பாட்டுக்கு சாமி வராது, இடுப்பை ஆட்டுங்க"ன்னா. ஆட்டினேன். முட்டிதான் தாளம் போட்டுச்சு.

ஆனா ஒவ்வொரு வரியையும் பாதியிலேயே நிறுத்திட்டேன். "மீதி எங்கேம்மா?"ன்னு கேட்டா. அப்பதான் எனக்கே உறைச்சுது. மீதி எப்பவும் நீ பாடற பாதி. நீ பேச்சை நிறுத்தி ஆறு வருஷமாச்சு, இந்தப் பாழாப்போன தொண்டை இன்னும் உனக்கு வழிவிட்டு நிக்குது.

மூணு தடவை பாடியும் அதே கதைதான். "முழுசா நீங்களே பாடிடுங்களேன்"னு கெஞ்சினா. மாட்டேன்னுட்டேன். பக்கத்துல இன்னொரு மைக் வைக்கச் சொல்லியிருக்கேன், உன் உயரத்துக்கு. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்துடு. குதிகால் இல்லாத செருப்பா போட்டுக்கோ, ஆடணும்.

ஆல்பம் அட்டையில உன் பேருதான் முதல்ல.

இப்படிக்கு,
ரெண்டாவது பேரு