பக்கத்து இருக்கை

அன்புள்ளவளுக்கு,

நீ சொன்னபடி உளவியலாளரைப் பார்த்துவிட்டேன். டாக்டரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி நான்கு பேருக்குப் போன் செய்தேன். மூன்று பேரிடம் மார்ச் வரை நேரமில்லை. நான்காமவர் பெர்னடெட், இங்கே நம் மவுண்ட் ஐசா ஊரிலேயே, பேக்கரி மாடியில் இருக்கிறார்.

மாத்திரை கேட்டேன். "அது டாக்டர் வேலை. நாம பேசுவோம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாப் பழகுவோம்" என்றார்.

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"லாரி எஞ்சினைத் திறந்து பாக்காம நீங்க நாள் சொல்வீங்களா?"

லாரி மெக்கானிக்கான நான் சொல்லமாட்டேன். அதனால் என்னோடு வேலை பார்த்த கோரி செத்துப்போன கார் விபத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு நம் மகள் ஐவியை எந்தக் காரிலும் ஏறவிடாமல் உன்னிடம் கத்தியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. வேலைதான் கொடுத்தார். தினமும் வேறொருவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து தபால் நிலையம்வரை போய்வர வேண்டும்.

எதிர்வீட்டு டக் ஓட்டினார். முதல் நாள் பாதியிலேயே இறங்கி நடந்தேன். "நடக்குறதுக்கு என்னை எதுக்குய்யா கூப்பிட்டே?" என்றார். நேற்று முழுசாகப் போய்த் திரும்பினோம்.

அடுத்து ஐவி பின் இருக்கையில் இருக்க வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அன்று கத்தியதும் பயத்தில்தான்.

நீயும் ஐவியும் உன் அம்மா வீட்டிலிருந்து ரயிலிலேயே வாருங்கள். ஸ்டேஷனிலிருந்து காரில் போகலாம். நீ ஓட்டு.

உன் கணவன்